ஆறு மணி பேட்ச்சின் முதல் வளைவு

“பாலம் வருது! திருகை வலப்பக்கம் ரெண்டு சுத்து! எதிர்காத்து, தலையைக் குனிங்க… இன்னும் குனிங்க… டெய்லர் அண்ணே, உங்களுக்கு ஒரு சுத்து போதும்!”

பாலம் எதுவும் வரவில்லை. பதினோரு பேருக்கு எதிரே மாஸ்டரின் முகம் இருந்தது. மாஸ்டருக்கு எதிரே பதினோரு பேரின் வியர்வை இருந்தது. மரச்சாமான் கடையின் மாடியில், முன்பு கட்டில்கள் அடுக்கி வைத்திருந்த நீளக் கூடத்தில், பன்னிரண்டு சைக்கிள்கள் நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்தன. மூலையில் ஒரு பெரிய மின்விசிறி கடகடத்தது. அதுதான் எதிர்காற்று. ஆனால் மாஸ்டர் சொன்னதும் பதினோரு தலைகளும் குனிந்தன. சொன்னதும் மிதியைக் கனமாக்கும் அந்தத் திருகைத் திருகினார்கள், சொன்னதும் மூச்சு வாங்கினார்கள், “அப்பாடா, மேடு முடிஞ்சுது” என்று அவள் சொன்னதும் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் தோளைத் தளர்த்தினார்கள். ஐந்து வருடப் பழக்கம்.

வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருந்தபோது அந்தக் கேள்வி வந்து விழுந்தது.

கேட்டது டிராபிக் அம்மா. போக்குவரத்துப் போலீஸில் ஏட்டு. நாள் முழுக்க நாற்சந்தியில் நின்று நின்று முழங்கால் போய், டாக்டர் சொல்லி வந்து சேர்ந்தவள். “மாஸ்டர், ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சேன். நீங்க டெய்லி சொல்ற ரோடு… முதல்ல நேரா, அப்புறம் பாலம், பாலம் தாண்டினதும் இடப்பக்கம் வளைவு, அப்புறம் ஏத்தம், மேல தண்ணித் தொட்டி. இது நம்ம பம்பிங் ஸ்டேஷன் ரோடுதானே?”

“ஆமா” என்றாள் மாஸ்டர். அது பொய்யில்லை.

“பாத்தீங்களா, நான் சொல்லல?” என்று சின்னவள் துள்ளினாள். பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருபது வருடம் சண்டை போட்டும் தீராமல், மிச்சத்தை இங்கே வந்து பக்கத்துப் பக்கத்து சைக்கிளில் போடுகிறவர்கள். “அப்போ ஒரு நாள் நிஜமாவே அந்த ரோட்டுல போலாமே!”

“மாடிப்படி ஏறி வர்றதுக்கே ரெண்டு தடவை நிக்கறா. இவ பம்பிங் ஸ்டேஷன் ஏறப் போறாளாம்.”

“நான் ஏறிடுவேன்க்கா. உங்களை இழுத்துட்டு ஏறணுமேன்னுதான் யோசிக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி மேலே வந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டார். சொன்னார்கள். அவ்வளவுதான். மனிதருக்குக் கண்ணில் விளக்கு எரிந்தது. மாடி ஆரம்பித்து அஞ்சு வருஷம் ஆகப் போகிறது, இதைவிட நல்ல விழா உண்டா, வருகிற மூணாவது ஞாயிறு, மாஸ்டர் முன்னாடி, பேட்ச் மொத்தமும் பின்னாடி, கடைசியில் தான் வேனில் மைக்கோடு! நின்ற நிலையிலேயே மனசுக்குள் பேனர் அடித்து, கட்டி, அதற்கு மாலையும் போட்டுவிட்டார்.

பதினோரு பேரும் கை தட்டினார்கள். மாஸ்டரும் தட்டினாள்.

மாஸ்டருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே சைக்கிள். அவள் ஐந்தாவது. அவள் முறை வருவதற்குள் சைக்கிளே இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் பஸ். கட்டிக்கொண்டதும் பஸ் டிரைவரை. இந்த மாடிக்கு அவள் வந்தது மெஷின்களைத் துடைக்கத்தான். ஒரு நாள் காலையில் அப்போதிருந்த மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டு முழிக்க, முதலாளி இவளிடம், “நீதான் தினமும் பாக்கறியே. ஏறி உக்காந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும்மா” என்றார். ஏறினாள். வாய்க்கு என்ன வரும்? தினமும் மதியம் கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், அவன் பஸ்ஸிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து பம்பிங் ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறவள். அந்த ரோடுதான் வந்தது. எங்கே எஞ்சின் முனகும், எங்கே அவன் கியர் மாற்றுவான், எங்கே காற்று ஜன்னலை அறையும் என்று ஒவ்வொன்றும் தெரியும். கியர் மாறுகிற இடத்திலெல்லாம் திருகைத் திருகச் சொன்னாள். கூட்டம் கூடியது. துடைப்பத் துணியை வேறொருத்தி வாங்கிக்கொண்டாள். அவளை யாரும், உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை. மீன் கடைக்காரரிடம் நீச்சல் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்?

முதல் மாதமே சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த மாதம்தான் டெய்லர் வந்து சேர்ந்தார். இதயத்தில் ஆபரேஷன் முடித்து, நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டே மாடியேறியவர். நாலு மாதம் கழித்து ஒரு காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கண்ணை மூடிட்டு நீங்க சொல்ற ரோட்டுல போறேன் மாஸ்டர். போயிட்டு உயிரோட திரும்பி வந்துட்டேன்னு தெனமும் ஒரு திருப்தி.” அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

“சொல்லிடு” என்றான் கணவன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எப்படிங்க சொல்றது? அஞ்சு வருஷமா முன்னாடி உக்காந்து வழி காட்டிருக்கேன்.”

“அப்போ கத்துக்க.”

“மூணு வாரத்துலயா?”

“எட்டு டன் பஸ்ஸ நான் ஆறு வாரத்துல கத்துக்கிட்டேன். இது பதினஞ்சு கிலோ.”

அவனுக்கு வார விடுமுறை வியாழன். டிப்போவின் பின்பக்கம், பழைய டயர்களுக்கு நடுவே ஒரு மைதானம் இருந்தது. மூன்று மணி வெயிலில் அங்கே ஒரு ஈ, காக்கை கிடையாது. டிப்போ மெக்கானிக்கின் சைக்கிளை வாங்கி வைத்திருந்தான்.

“ஏறு. கண்ணாடியைப் பாத்துட்டு எடு.”

“சைக்கிள்ல எங்கங்க கண்ணாடி?”

“ஒரு பழக்கத்துல சொல்றேன். எடு.”

சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். காலுக்கு எந்தக் குறையும் இல்லை. ஐந்து வருடம் தினமும் ஓட்டிய கால். ஒரு மிதி மிதித்தாள், பாய்ந்துவிட்டது. பிடித்திருந்த கை நழுவிப் போக, பின்னாலிருந்து அவன், “பிரேக்! பிரேக்!” என்று கத்தினான். அவள் சட்டென்று வலக்கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாள். முழங்கால்களுக்கு நடுவே விட்டுத் துழாவினாள். அடுத்த நொடி டயர் குவியலுக்குள் இருந்தாள்.

“எதைத் தேடின?”

“பிரேக்கைத்தான்.”

“பிரேக் கையிலேயே இருக்கேடி!”

“மாடியில அந்தத் திருகை அழுத்தினாத்தாங்க நிக்கும். அது முட்டிக்கு நடுவுல இருக்கும்.”

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டயர் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வியாழன் வரை காத்திருக்கவில்லை. அவனுக்கு மதிய ஷிப்ட் இருந்த நாளெல்லாம் காலை வகுப்பு முடிந்ததும் ஓடினாள். முழங்கையில் தோல் போயிற்று. இரண்டாவது வாரம் கை அந்தத் திருகை மறந்தது. மூன்றாவது வாரம் மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு யாரும் பிடிக்காமல் போனாள். போய் இறங்கி, சைக்கிளைக் கையால் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏறி வந்தாள்.

“ஏன் இறங்கற? திருப்பு.”

“திரும்ப மாட்டேங்குது.”

“பஸ்ஸுக்கு ஸ்டியரிங் போதும். இதை உடம்பால திருப்பணும். சாயணும்.”

சாய்வதாவது! அவள் ஐந்து வருடம் ஏறி உட்கார்ந்த சைக்கிள் ஒரு தடவைகூட ஒரு பக்கமும் திரும்பியதில்லை. நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்ற சைக்கிள் அது. வளைவு வருது, வளைவு வருது என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஆயிரம் தடவையும் நேராகத்தான் போயிருக்கிறார்கள். மூன்றாவது சனிக்கிழமை மாலை கடைசியாக ஒரு முறை முயன்று டயரோடு மோதினாள். கணவன் அவள் பக்கத்தில் குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“கணுக்கால்ல கட்டு போட்டுக்க. சுளுக்குன்னு சொல்லு. வேன்ல ஏறி மைக்கைப் பிடிச்சுக்க. உன் வாய்தான் அவங்களுக்கு வேணும்.”

போகிற வழியில் மருந்துக் கடையில் இறங்கி, பழுப்பு நிறத்தில் இழுபடுகிற கட்டுத்துணி ஒன்று வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கடை வாசலில், பன்னிரண்டு விதமான சைக்கிள்கள். வாடகைக்கு எடுத்தது, மகனுடையது, தூசு தட்டியது. பேனர் காற்றில் அடித்துக்கொண்டது. முதலாளி வேனுக்குள் உட்கார்ந்து “ஹலோ, ஹலோ” என்று மைக்கைச் சோதித்தார். மாஸ்டர் கடையின் பக்கவாட்டுச் சந்தில் ஒதுங்கி, ஒரு பலகையில் காலைத் தூக்கி வைத்து, பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்து ஒரு சுற்று சுற்றினாள்.

“மாஸ்டர், இங்கயா இருக்கீங்க?”

டெய்லரின் மனைவி. மாஸ்டர் காலைக் கீழே போட்டாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். ஆபரேஷன் ஆனதுலேருந்து அவரு தெருவுல சைக்கிளை எடுக்கல. பயம். வழியில நெஞ்சு வலிச்சா யாரு இருக்கான்னு. நானும் சொல்லி சொல்லி ஓஞ்சுட்டேன். நேத்து அவரே இறக்கி எண்ணெய் போடறாரு! கேட்டா, மாஸ்டர் முன்னாடி போறாங்க, எனக்கென்னங்கறாரு.” அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கொஞ்சம் பாத்துக்கங்க.”

கட்டுத்துணி பாதி காலிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் குனிந்து அதை அவிழ்த்தாள். சுருட்டிப் பைக்குள் திணித்தாள். வெளியே வந்தாள்.

கிளம்பிவிட்டார்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் நேர் ரோடு. ஞாயிறு என்பதால் வண்டிகள் இல்லை. ஒரு பேப்பர் வேன், ஒரு நாய். மாஸ்டர் முன்னால். கைப்பிடியை இறுக்கியதில் விரல்கள் வெளுத்துவிட்டன. பின்னால் பதினோரு சங்கிலிகளின் கிறீச்சொலி. “மாஸ்டர், சொல்லுங்க, சொல்லுங்க!” என்றார்கள். சொன்னாள். அந்த வாய் மட்டும் அவளை எப்போதும் கைவிட்டதில்லை. “பாலம் வருது! எதிர்காத்து! தலையைக் குனிங்க!” பதினோரு தலைகள் குனிந்தன. பாலம் வந்தது. நிஜமாகவே வந்தது. எதிர்காற்றும் வந்தது, மின்விசிறியைப் போல் ஒரே பக்கத்திலிருந்து வராமல், இடுப்பில் குத்தி, காதைத் திருகி, கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு வந்தது.

பாலம் முடிந்தது. ரோடு இடப்பக்கம் வளைந்தது.

சாயணும், சாயணும் என்று மனம் கத்தியது. உடம்பு கேட்கவில்லை. எதிரே, வளைவுக்கு நேர் முன்னால், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த ஆளுயர மணல் குவியல். அவள் வளைவைப் பார்க்கவேயில்லை, மணலையே பார்த்தாள். சைக்கிள் நேராக அதற்குள் போனது. முன்சக்கரம் புதைந்தது. அவள் கைப்பிடியைத் தாண்டிப் போய், மெத்தென்று மல்லாந்தாள்.

அவள் எழுந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பதினோரு பேரும் நேராக வந்துகொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்தபடியே. மாஸ்டர் போகிற வழிதான் வழி. ஒருவருக்காவது அங்கே ஒரு வளைவு இருப்பது தெரியவில்லை. பெரியவள் மணலுக்குள் நுழைந்தாள், சின்னவள் பெரியவளுக்குள் நுழைந்தாள். டிராபிக் அம்மா, இருபத்திரண்டு வருடம் இந்த ஊர் போக்குவரத்தைத் திருப்பிவிட்டவள், முறையாக வலக்கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டு மணலில் இறங்கினாள். ஒன்று, இரண்டு, நாலு, ஏழு. ஆட்கள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கடைசியாக டெய்லர், மெதுவாக, மரியாதையாக வந்து, குவியலின் அடியில் முட்டி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

மாஸ்டருக்கு உயிர் போய் வந்தது. முழங்காலால் தவழ்ந்தே போனாள். “அண்ணே! வலிக்குதா அண்ணே? பேசுங்க!”

“பட்டன் ஒண்ணு போச்சு மாஸ்டர்” என்றார் டெய்லர், சட்டையைத் தடவிக்கொண்டே. “இங்கதான் விழுந்திருக்கும்.”

அவள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது” என்றாள்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. மூணு வாரமாத்தான் கத்துக்கறேன். நேரா போக வரும். திரும்ப வராது. நான் சொன்ன ரோடு எல்லாம் எங்க வீட்டுக்காரர் பஸ் ஜன்னல்லேருந்து பாத்தது. ஒரு தடவைகூட நான் மிதிச்சதில்ல. மன்னிச்சுடுங்க.”

“அப்போ எதிர்காத்து?” என்றாள் டிராபிக் அம்மா.

“ஜன்னல்ல அடிக்கும்.”

“ரெண்டு சுத்து திருகுன்னு சொல்வீங்களே?”

“அங்க அவரு செகண்ட் கியர் போடுவாரு.”

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் வாயிலிருந்த மணலைத் துப்பினாள். “அப்படின்னா அஞ்சு வருஷமா நான் பஸ்ஸா ஓடிருக்கேன்.”

“அதான் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னீங்க போல” என்றாள் சின்னவள்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. டெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து, ஊதி, பைக்குள் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

“முப்பது வருஷமா லேடீஸ் கவுன் தைக்கறேன் மாஸ்டர். ஒண்ணையாவது போட்டுப் பாத்திருக்கேனா?”

அப்போதுதான் அவளுக்குள் அடைத்திருந்தது உடைந்தது. மூக்கிலும் வாயிலும் மணல் ஒட்டியிருக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து வருடம் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே எங்கேயோ இருந்துகொண்டு, ஒவ்வொரு காலையும் “பாலம் வருது” என்று சொல்லும்போது மெல்ல உருண்டு கொடுத்த அந்த ஒன்று, எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தாள். இல்லை. அவ்வளவு லேசாக இருந்தது, பயமாகக்கூட இருந்தது.

வேன் வந்து நின்றது. முதலாளி இறங்கி, மணல் மேட்டில் பரவிக் கிடந்த தன் ஐந்தாம் ஆண்டு விழாவைப் பார்த்தார். “என்னாச்சு? ஷார்ட்கட்டா?”

“ஆமா சார், மாஸ்டர் எங்களுக்கு மணல்ல ஸ்பெஷலா…” என்று ஆரம்பித்தாள் டிராபிக் அம்மா.

“வேணாம்மா. நானே சொல்லிடறேன்” என்றாள் மாஸ்டர். எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, வேனுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னாள். இந்த முறை நாலே வரியில் முடிந்தது. முதலாளி மைக்கைக் கையில் பிடித்தபடி கேட்டார். முகம் ஒரு பக்கமாகப் போயிற்று. பேனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணலிலிருந்து இவரையே முறைத்துக்கொண்டிருந்த பதினோரு பேரையும் பார்த்தார். “நாளைக்குப் பேசிக்கலாம்” என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாளைக்கு என்ன வந்தாலும், இனிமேல் மறைக்க எதுவும் இல்லை. அது போதும்போல் இருந்தது.

“வாங்க மாஸ்டர், ஏறுங்க” என்றாள் டிராபிக் அம்மா. சைக்கிளை மணலிலிருந்து பிடுங்கி ரோட்டில் நிறுத்தியிருந்தாள். “மணலைப் பாத்தீங்க, மணலுக்குப் போச்சு. ரோடு எங்க போகுதோ அதைப் பாருங்க. சாயறதெல்லாம் உடம்பு பாத்துக்கும்.” பின்னர் ரோட்டின் நடுவில் போய் நின்று, வராத வண்டிகளையெல்லாம் கை காட்டி நிறுத்தினாள். மாஸ்டர் ஏறினாள். ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு லாரி திரும்புவதைப் போல் திரும்பினாள். ஆனால் திரும்பினாள். பெரியவள் விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றுவரை சின்னவளுக்கே தெரியாது.

ஏற்றத்தில் யாராலும் மிதிக்க முடியவில்லை. மாடியில் இதைவிடக் கனமாகத் திருகியவர்கள்தான். ஆனால் இந்த மேடு, “அப்பாடா” என்று யார் சொன்னாலும் முடியாத மேடு. இறங்கித் தள்ளினார்கள். டெய்லர் மூன்று முறை நின்றார். மூன்று முறையும் எல்லோரும் நின்றார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று கை மாறிக்கொண்டே போனது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய தொட்டி என்று மாஸ்டருக்குத் தெரியாது. பஸ் அங்கே நிற்காமல், அந்தப் பக்கம் கீழே இருக்கும் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் ரோடு கீழே இறங்கியது. டெய்லர் முதலில் போனார். மாஸ்டர் அவருக்குப் பின்னால். நாலு மிதி மிதித்தாள். ஐந்தாவதை மிதிக்கப் போனபோது தேவையில்லாமல் இருந்தது. தயங்கித் தயங்கிக் காலை நிறுத்தினாள். மாடியில் அது நடக்காது. அங்கே சக்கரம் சுற்றும்வரை காலை விடாது, இழுத்துக்கொண்டே போகும். இங்கே பாதம் இரண்டும் பெடலில் சும்மா இருக்க, சைக்கிள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்சக்கரத்தில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவள் இதுவரை கேட்டறியாதது, வேகம் ஏற ஏற நெருங்கி நெருங்கி ஒரே இழையாக ஓடியது.

“மாஸ்டர்! ஏதாச்சும் சொல்லுங்க மாஸ்டர்!” பின்னாலிருந்து சின்னவளின் குரல், காற்றில் பாதி கிழிந்து வந்தது.

மாஸ்டர் வாயைத் திறந்தாள். வாய் நிறையக் காற்று வந்து புகுந்துகொண்டது. எதிரே, பட்டன் போன சட்டை முதுகில் பலூனாக உப்பிப் படபடக்க, டெய்லர் இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.